நீரகத்துக்குக் கைதூக்கிய குப்பம்

இந்தியாவுக்குப் போகிறேன் என்றதும், மலேசியாவின் தெலுக் இந்தானில் என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியைகள் ஆளுக்கொரு கோயில் பெயரைச் சொல்லி விபூதி கொண்டுவரச் சொன்னார்கள். நான் போனது ஹைட்ரஜனுக்கு. அதைச் சொன்னால் யாரும் நம்பவில்லை. ஆகவே விபூதிக்கும் தலையாட்டிவிட்டுக் கிளம்பினேன்.

நான் இடைநிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. விடுமுறை நாட்களில் மொழிபெயர்ப்பு வேலையும் செய்வேன். ஐரோப்பாவில் ஓர் அறக்கட்டளை, மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்துக்கு ஹைட்ரஜன் இயந்திரம் ஒன்றைக் கொடுக்க முன்வந்திருந்தது. அதைக் குப்பத்து மக்களுக்கு விளக்கி, அவர்கள் சம்மதத்தை எழுதி வாங்க வேண்டும். மொழிபெயர்ப்பவர் தமிழராக இருக்க வேண்டும். ஆனால் அந்த நாட்டவராக இருக்கக் கூடாது, அப்போதுதான் நடுநிலை. வேதியியலும் தெரிந்திருக்க வேண்டும். இத்தனையையும் சல்லடை போட்டுச் சலித்ததில் நான் மிஞ்சினேன்.

சுனாமி வந்துபோய் மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்தக் கரைக்கு உதவி செய்ய வந்தவர்களின் கூட்டம் அப்போதும் குறையவில்லை.

முதல் நாள் காலை என்னை அழைத்துப் போக மணி என்பவர் வந்தார். கோவளத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், சுமோ அவருடைய சொந்த வண்டி. மரியாதைக்கு "பசியாறிட்டீங்களா" என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலைச் சாப்பாடு ஆயிற்றா என்பதை அப்படித்தான் கேட்போம். அவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"நாஸ்தா துன்னாச்சான்னு கேக்கறீங்களா மேடம்? அது ஆச்சு."

கொஞ்ச தூரம் போனபின், நான் பேசுவது ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மாமல்லபுரத்தில் எந்தத் தெருவில் நின்றாலும் உளிச் சத்தம் கேட்கிறது. கருத்தரங்கு நடந்த கடற்கரை விடுதிக்குள்ளும் கேட்டது. வாசலில் பெரிய பதாகை: நிலைத்த சமூகங்களுக்கு அணுவும் ஹைட்ரஜனும். உள்ளே நுழைந்தவுடன் பொங்கல், வடை, சாம்பார். பொங்கலில் முழு மிளகைப் போட்டுவிட்டு நம்மையே பொறுக்கச் சொல்கிறார்கள். காப்பியைக் கட்டைவிரல் அளவு டம்ளரில் கொடுத்தார்கள். எங்கள் கோப்பிக் கடையில் அந்த அளவைக் குவளையின் அடியில் மிச்சம் வைத்துவிட்டு எழுந்து போவோம். ஆனால் ருசியைச் சொல்ல வேண்டும்; நான் மூன்று முறை வரிசையில் போய் நின்றேன்.

கருத்தரங்கை நடத்தியவர் பேராசிரியர் வேதகிரி. திருக்கழுக்குன்றத்துக்காரர், செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் வேலை, ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் நான்கு பேனா. ஹைட்ரஜனைப் பற்றிப் பேசும்போது, பெற்ற பெண்ணுக்கு வரன் வந்தது போல முகம் மலர்ந்துவிடும்.

அவர் சொன்னது எளிய விஷயம்தான். அணு உலையை விளக்கைப் போல நினைத்தபோது ஏற்றி அணைக்க முடியாது. ஒரே சீராக ஓடினால்தான் அதற்கு நல்லது. மக்கள் குறைவாக மின்சாரம் செலவழிக்கும் நேரத்தில், மிஞ்சுகிற மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரித்தால் ஹைட்ரஜன் கிடைக்கும். அதைத் தொட்டியில் சேர்த்து வைத்து, வேண்டியபோது மறுபடி மின்சாரமாக்கலாம். புகை இல்லை, கரி இல்லை. மிஞ்சுவது தண்ணீர் மட்டும். குப்பத்துக்கு வரப்போகும் இயந்திரம் அப்படி ஒரு ஐஸ் பெட்டியை ஓட்டும். மின்வெட்டு வந்தாலும் மீன் கெடாது.

'மின்வெட்டு வந்தாலும்' என்று அவர் சொன்ன இடத்தில் மின்சாரம் போய்விட்டது. அரங்கில் ஒருவரும் அசையவில்லை. திரையில் இருந்த படம் அணைந்ததும் அவரவர் நோட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டார்கள். வெளியே ஜெனரேட்டர் உறுமியது, டீசல் புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது, தூய எரிபொருளைப் பற்றிய உரை தொடர்ந்தது.

அறக்கட்டளை அனுப்பிய நிபுணர் டாக்டர் லார்ஸ் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நார்வேக்காரர், ஆறரை அடி உயரம், வெயிலில் இறால் நிறத்துக்கு வந்திருந்தார். அந்தப் புகை எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். சொன்னேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறவர்.

இரண்டாம் நாள் குப்பத்துக்குப் போனோம். கிளம்பும்முன் லார்ஸ் எனக்கு விதிகளை வாசித்துக் காட்டினார். திட்டத்தை நடத்துகிறவர் கூட்டத்தில் இருக்கக் கூடாது, மக்கள் தயங்குவார்கள். விளக்கம் முழுவதும் மக்களின் சொந்த மொழியில் இருக்க வேண்டும். அந்நியச் சொல் ஒன்றுகூடக் கலக்கக் கூடாது. கடைசியில், உள்ளபடி மொழிபெயர்த்தேன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும்.

எனக்கு இரண்டாவது விதி மிகவும் பிடித்தது. எங்கள் ஊரில் தமிழில் அறிவியல் சொல்லிக் கொடுக்கப் பிடிவாதமாகக் கலைச்சொல் படித்த கூட்டத்தைச் சேர்ந்தவள் நான். ஆக்சிஜனுக்கு உயிரகம். ஹைட்ரஜனுக்கு நீரகம். அந்தச் சொற்களைப் பயன்படுத்த ஒரு கடற்கரையே காத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பேராசிரியரும் மணியும் சாலையோரம் சுமோவிலேயே இருந்துவிட்டார்கள். நானும் லார்ஸும் மணலில் நடந்தோம். சுனாமிக்குப்பின் கட்டிய வீடுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு சுவரிலும் கட்டிக் கொடுத்தவர்களின் பெயர் வீட்டுக்காரரின் பெயரைவிடப் பெரிதாக இருந்தது. தெற்கே தூரத்தில், கரை வளைகிற இடத்தில், அணுமின் நிலையத்தின் உயரமான கட்டடங்கள் மங்கலாகத் தெரிந்தன. வலைக் கூடத்தில் ஐம்பது அறுபது பெண்களும் கொஞ்சம் ஆண்களும் கூடியிருந்தார்கள். கூட்டம் நடத்த வருகிறவர்களிடம் எவ்வளவு பழகியிருந்தார்கள் என்றால், லார்ஸுக்கு எந்த நாற்காலி தாங்கும் என்பதுகூட அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மகளிர் குழுத் தலைவியின் பெயர் கன்னியம்மா. நாற்பதைத் தாண்டியவர், செங்கல்பட்டுச் சந்தை வரை போய் மீன் விற்கிறவர். எதிரில் இருப்பவர் பொய் சொல்கிறாரா என்று எடை போட்டுக்கொண்டே கேட்கிற கண்கள். அவர்தான் எல்லாருக்காகவும் கேள்வி கேட்டார்.

லார்ஸ் பேச, நான் தமிழில் சொன்னேன். இந்த ஊரில் நீரகம் அமைக்க ஓர் அறக்கட்டளை விரும்புகிறது. நீரகம் இங்கேயே தினமும் உற்பத்தியாகும். உங்களுடைய சம்மதம் இருந்தால் மட்டுமே அமைப்போம்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. மகிழ்ச்சியான சலசலப்பு. லார்ஸ் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

கன்னியம்மா கேட்ட முதல் கேள்வி: "அதுல உப்பு இருக்குமா?"

நான் மொழிபெயர்த்ததும் லார்ஸ் அசந்துபோனார். கருத்தரங்கில் ஒரு பேராசிரியர்கூட இதைக் கேட்கவில்லை என்றார். உப்பை முதலிலேயே முழுக்க எடுத்துவிடுவோம், துளி உப்பு இருந்தாலும் இயந்திரம் வேலை செய்யாது என்று பதில் சொன்னார். சொன்னேன். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

குழாயில் வருமா என்று கேட்டார்கள். வரும். தொட்டி உண்டா? பெரிய தொட்டி உண்டு. கரண்ட் போனால் நின்றுவிடுமா? நிற்காது, சேர்த்து வைத்திருப்பதால் எப்போது திறந்தாலும் கிடைக்கும், அதுதான் இதன் சிறப்பு. ஐஸ் கட்டலாமா? முக்கிய நோக்கமே அதுதான். காசு வாங்குவீர்களா? சோதனைக் காலத்தில் வாங்க மாட்டோம்.

பின்னால் இருந்து ஒரு பெண், பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகிவிடாதே என்று கேட்டாள். லார்ஸ் எழுந்து நின்று, நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். அவர் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் கொடுத்தேன்: "இதில் விஷம் இல்லை, புகை இல்லை. கடைசியில் உங்கள் கையில் மிஞ்சுவது சுத்தமான தண்ணீர் மட்டும்தான்."

கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் ஆயிற்று. எல்லாக் கைகளும் உயர்ந்தன. கையெழுத்துப் போட்டவர்கள் போட்டார்கள், மற்றவர்கள் கட்டைவிரல் வைத்தார்கள். கன்னியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நல்லா இருக்கணும் டீச்சரம்மா, இத்தினி வருசமா இதைத்தான் கேட்டுகினு இருந்தோம்" என்றார். ஹைட்ரஜனை இத்தனை வருடமாக எதிர்பார்த்த குப்பம் உலகத்தில் வேறு இருக்குமா என்று வியந்தேன். சங்கரா மீன் வறுத்துக் கொடுத்தார்கள். அப்படி ஒரு மீனை நான் எங்கும் சாப்பிட்டதில்லை. குடிக்கத் தண்ணீர் மட்டும் யாரும் தரவில்லை. சோடா வாங்கிக் கொடுத்தார்கள். அதையும் நான் உபசாரம் என்றே எண்ணினேன்.

சாலைக்கு வந்து, ஒருமனதாகச் சம்மதம் என்று சொன்னபோது பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

மூன்றாம் நாள் கருத்தரங்கில் லார்ஸ் அந்தக் கூட்டத்தைப் பற்றிப் பேசினார். மக்களின் சொந்த மொழியில் விளக்கினால் மிக நுட்பமான தொழில்நுட்பமும் புரியும் என்பதற்கு இந்தக் குப்பமே சான்று என்றார். என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். ஒரு சந்தன மாலையும், யாளி முகம் செதுக்கிய கல்லும் கிடைத்தன. கல் நான்கு கிலோ இருக்கும்.

மறுநாள் குப்பத்தில் செயல்விளக்கம். இயந்திரம் அங்கே இறக்கியாகிவிட்டது. ஆனால் அதற்கு ஊற்ற வேண்டிய தண்ணீர் வரவில்லை. உப்பும் தாதுக்களும் முழுக்க நீக்கிய தண்ணீர் அது. திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு டாங்கர் லாரி கொண்டுவர வேண்டும். நான்காம் நாள் காலை, லாரி கருங்குழியில் நின்றுவிட்டது என்று தகவல் வந்தது. பேராசிரியர் என்னையும் வரச் சொன்னார். லார்ஸ் விடுதியிலேயே இருந்துவிட்டார். எனக்கோ ஊர் பார்த்த மாதிரி இருக்கும்.

திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு, பிறகு ஜிஎஸ்டி சாலை. எங்கள் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுகிறவர் கண்ணை நம்புகிறார். இங்கே காதை. மணி ஹாரனை அழுத்தாமல் கடந்த ஒரே இடம் பாலாற்றுப் பாலம். அங்கே ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மணல்தான் இருந்தது.

வழியில் பேராசிரியர் தன் கதையைச் சொன்னார். பத்து வருடத்துக்கு மேலாக இந்த இயந்திரத்துக்காக எழுதாத அலுவலகம் இல்லை. கல்லூரியில் இவருக்கு 'காஸ் வாத்தியார்' என்று பெயர். ஒரு முறையாவது, உண்மையான மக்கள் நடுவில், அது ஓடுவதைப் பார்த்துவிட வேண்டும். அப்புறம் ஓய்வு பெற்றாலும் கவலையில்லை என்றார். சுனாமிக்குப்பின் குப்பத்துக் கிணறுகள் எல்லாம் உப்பாகிப் போனதால்தான் தண்ணீரை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியிருக்கிறது என்பதையும் சொன்னார். அதை ஒரு தொழில்நுட்பச் சிக்கலாகத்தான் சொன்னார். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன்.

கருங்குழியில் ஒரு டீக்கடை எதிரில் லாரி பஞ்சராகி நின்றது. சக்கரம் மாட்டி முடிக்கிற வரை டீ சாப்பிட்டோம். நல்ல டீ. பேராசிரியர் இன்னொன்று வாங்கிக் குடித்துவிட்டு, இந்தப் பக்கத்தில் இப்படி ஒரு டீ குடித்ததே இல்லை என்றார். தண்ணி அப்படி சார் என்றார் கடைக்காரர், லாரியைக் காட்டி. டிரைவரிடம் கேட்டு நான்கு பக்கெட் பிடித்துக்கொண்டாராம்.

பேராசிரியர் பதறிப்போனார். அது குடிக்கிற தண்ணீர் இல்லை, மிகமிகச் சுத்தமான தண்ணீர் என்றார்.

"சுத்தமான தண்ணின்றீங்க, குடிக்கிற தண்ணி இல்லன்றீங்க. அப்ப எதுக்கு சார் அது?"

பேராசிரியர் விளக்க ஆரம்பித்தார். கடைக்காரர் பாதியில் பால் பொங்குகிறது என்று போய்விட்டார்.

நாங்கள் லாரிக்கு முன்னால் குப்பத்தை அடைந்தபோது மதியம் தாண்டியிருந்தது. லார்ஸும், ஒரு பேருந்து நிறையக் கருத்தரங்குக்காரர்களும் ஏற்கெனவே வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். பீரோ அளவு இயந்திரம், அதன்மேல் பூமாலை. பக்கத்தில் ஒரு டீசல் ஜெனரேட்டர். அணுமின்சாரத்தின் இடத்தில் இன்றைக்கு மட்டும் டீசல் என்று பேராசிரியர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். டீசலை எரித்து மின்சாரம், மின்சாரத்தால் ஹைட்ரஜன், ஹைட்ரஜனால் மறுபடி மின்சாரம், அதைக் கொண்டு ஒரு பெட்டி ஐஸ்.

நான் அதையெல்லாம் பார்க்கவில்லை. சாலையிலிருந்து பந்தல் வரை குடங்கள் வரிசையாக நின்றதைத்தான் பார்த்தேன். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, நீலம் என்று பிளாஸ்டிக் குடங்கள், நூற்றுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பெண். வரிசையின் தலையில் புதிதாக ஒரு பலகை நட்டிருந்தார்கள். அதில் கொட்டை எழுத்தில் 'நீரகம்' என்று எழுதி, அதன்கீழ் ஒரு குழாயும், குழாயிலிருந்து விழும் மூன்று பெரிய சொட்டுகளும் வரைந்திருந்தார்கள்.

பலகையை இரண்டு முறை படித்தேன். நீர், அகம். தண்ணீர் இருக்கும் வீடு. பாலகம் என்றால் பால் விற்கும் இடம். நூலகம் என்றால் நூல் இருக்கும் இடம். சுமோவின் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

பேராசிரியர் பலகையைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். கூட்டத்தில் என்ன சொல் சொன்னீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். சொன்னேன்.

அதற்குள் லாரி வந்துவிட்டது. பெண்கள் சூடம் ஏற்றி அதற்கு ஆரத்தி எடுத்தார்கள். பந்தலில் இருந்தவர்கள் எழுந்து படம் எடுத்தார்கள். கன்னியம்மா முதல் குடத்தோடு லாரியின் பின்பக்கம் போய் நின்று, வால்வைத் திறக்கும்படி டிரைவரிடம் சொன்னார். மக்கள் எவ்வளவு ஆர்வமாக இருக்கிறார்கள் பாருங்கள் என்றார் லார்ஸ், என் காதருகில்.

பேராசிரியர் என்னிடம் வந்தார். "மேடம், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். இன்றைக்கு ஒரு நாள் ஓடட்டும். நாளைக்குப் பொறுமையாக விளக்கிக்கொள்ளலாம்" என்றார். கெஞ்சுகிற குரல். பத்து வருடக் கடிதங்களும் அந்தக் குரலில் இருந்தன. நானும் ஒரு கணம் தயங்கினேன் என்பதை மறைக்கப் போவதில்லை. நாளைக்கு என்பது எவ்வளவு நல்ல சொல்லாகத் தோன்றியது. எனக்கும் மாலை போட்டுக் கல் கொடுத்திருந்தார்கள்.

ஆனால் வரிசையில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். லாரியின் படியில் ஏறி நின்றேன். வகுப்பில் பேசும் குரல் வரவில்லை. எந்தக் குரல் வந்ததோ அதில் சொன்னேன்.

"நீரகம்னு நான் சொன்னது தண்ணி இல்லம்மா. அது ஒரு காஸ். இந்தத் தண்ணி அந்த மெஷினுக்கு வந்தது. உங்களுக்குத் தப்பா புரியுற மாதிரி சொன்னது நான்தான். இவங்க யாரும் இல்ல."

சூடம் எரிந்துகொண்டிருந்தது. கன்னியம்மா குடத்தை இடுப்பிலிருந்து இறக்கவில்லை.

"காஸா?"

"ஆமாம்மா."

"தண்ணிலேர்ந்து காஸ் எடுப்பீங்க. அந்த காஸ எரிச்சா இன்னா வரும்?"

"தண்ணி வரும்."

அவர் பந்தலையும் இயந்திரத்தையும் ஜெனரேட்டரையும் வெள்ளைக்காரரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "அப்போ இந்தத் தண்ணிய இப்பவே எங்களுக்கு குடுத்துட்டா இன்னா? நடுவுல எதுக்கு இம்மாம் வேலை?"

லார்ஸ் என்ன நடக்கிறது என்று கேட்டார். உள்ளபடி சொன்னேன். சொல், பலகை, குடம், கடைசிக் கேள்வி எல்லாவற்றையும். உப்பைப் பற்றி அவர் வியந்த கேள்வியின் உண்மையான பொருளையும் சொன்னேன். அவர் பேனாவைத் திறந்தார், மூடினார். நான் அறிந்தவரை அவர் எழுதாமல் விட்டது அந்த ஒரு முறைதான்.

பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பேராசிரியர் வேதகிரி லாரியின் பின்பக்கம் போனார். டிரைவரிடமிருந்து வால்வைத் திருகும் சாவியை வாங்கி அவரே வால்வைத் திறந்தார். அவர் பலமுறை முயன்றுதான் அது திரும்பியது. கன்னியம்மாவின் குடம் நிறைந்தது. அடுத்த குடம் வந்தது. வேட்டி நனைய நின்று, வால்வைத் திறப்பதும் மூடுவதுமாக, கடைசிக் குடம் வரை அவரே நிரப்பினார். சப்பென்று இருக்கும், உப்பும் இல்லை, ருசியும் இல்லை, கொஞ்சம் கிணற்றுத் தண்ணீர் கலந்து குடியுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். இயந்திரம் காய்ந்தபடி நின்றது. கருத்தரங்குக்காரர்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பேருந்தில் ஏறிப் போனார்கள். அவர்களுக்கு விடுதியில் மாலைச் சிற்றுண்டி இருந்தது.

திரும்பும்போது வண்டியில் மணிதான் பேச்சை எடுத்தார். "ஹைட்ரஜன்னே சொல்லிருந்தீங்கன்னா, இன்னாடா இதுன்னு ஒரு வார்த்த கேட்டிருப்பாங்க மேடம்." நல்ல தமிழில் சொன்னதால்தான் யாரும் கேட்கவில்லை. இருபது வருடம் வகுப்பெடுத்த எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் மறுபடி போனோம். இந்த முறை விதிகளை லார்ஸ் படிக்கவில்லை. பேராசிரியரும் கூட்டத்துக்கு வந்தார். வலைக் கூடத்தில் மூன்று டம்ளர்கள் வைத்திருந்தார்கள். பேச்சுக்கு முன்னால் எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடியுங்கள் என்றார் கன்னியம்மா. கோபமாகச் சொல்லவில்லை. நான் பாதியோடு வைத்துவிட்டேன். அத்தனை உப்பு. லார்ஸ் கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் குடித்தார், இறால் நிறம் வெளுத்தது. பேராசிரியர் நிதானமாகக் குடித்து முடித்தார். இத்தனை வருடத்தில் இந்தக் கரைக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறேன், ஒரு தடவைகூட இதைக் குடித்துப் பார்த்ததில்லை என்றார்.

அப்புறம் ஹைட்ரஜன் என்றால் என்ன என்று நான் விளக்கினேன். ஹைட்ரஜன் என்றே சொன்னேன். எரிகிற காஸ், கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், கசிந்தால் ஆபத்து என்பதையும் சேர்த்துச் சொன்னேன். இந்த முறை கேள்விகள் நிறைய வந்தன, கைதட்டல் வரவில்லை. கரண்ட் அங்கேயே உண்டாகும்போது எங்கள் தெருவுக்கு மட்டும் ஏன் நின்று நின்று வருகிறது என்று ஒருவர் தெற்கே கைகாட்டிக் கேட்டார். மின்சாரம் எல்லா ஊருக்கும் பொதுவாகப் போய்ச் சேர்ந்து பிரிவதைப் பேராசிரியர் விளக்கினார். கேட்டவருக்குத் திருப்தி ஏற்பட்டதாகத் தெரியவில்லை.

கடைசியில் கன்னியம்மா சொன்னார். இயந்திரத்துக்கு எப்படியும் உப்பை எடுத்த தண்ணீர் வேண்டும். அதற்கு ஒரு கருவி இங்கே வைக்கத்தானே போகிறீர்கள்? அதைப் பெரிதாக வையுங்கள். முதல் தண்ணீர் வீடுகளுக்கு. எல்லாக் குடமும் நிரம்பியபின் மிஞ்சினால் உங்கள் காஸுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இதற்குச் சம்மதம் என்றால் எங்களுக்கும் சம்மதம்.

பேராசிரியர் சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, அதைத் தன் கையாலேயே எழுதினார். முந்தைய சம்மதக் கடிதத்தை லார்ஸ் எல்லார் முன்னிலையிலும் கிழித்தார். புதியதில் என் கையெழுத்துக்கு மேல், முதல் கூட்டத்தில் நான் செய்த பிழையையும் ஒரு வரி எழுதிச் சேர்த்தேன். அதன்பின் எந்த மொழிபெயர்ப்பு வேலைக்கும் என்னை அவர்கள் கூப்பிடவில்லை. அது நியாயம்தான்.

ஊருக்குத் திரும்பும்போது விமான நிலையத்தில் சுமை கூடிவிட்டது என்றார்கள். யாளிக் கல்லை மணியிடமே கொடுத்தேன். டயருக்கு அண்டை கொடுக்க ஆகும் என்று வாங்கிக்கொண்டார்.

ஒன்றரை வருடம் கழித்துப் பேராசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. ஓய்வு பெற்றுவிட்டார். அறக்கட்டளை பலமுறை இழுத்தடித்து ஒருவழியாக ஒப்புக்கொண்டு, உப்பு நீக்கும் கருவி குப்பத்தில் ஓடுகிறது. பக்கத்திலேயே ஹைட்ரஜன் இயந்திரமும் இருக்கிறது. எழுதிக் கொடுத்தபடி, வீடுகளுக்குப் போக மிஞ்சிய தண்ணீர் இருந்தால் மட்டும்தான் கன்னியம்மா அதன் குழாயைத் திறந்துவிடுகிறாராம். இதுவரை இரண்டு நாள் திறந்திருக்கிறார். இரண்டு நாளும் நல்ல மழை. குடத்தை வாசலில் வைத்தாலே நிரம்பிவிட்டதால் வரிசைக்கு யாரும் வரவில்லை. இரண்டு நாளும் தகவல் தெரிந்து, திருக்கழுக்குன்றத்திலிருந்து பஸ் பிடித்துப் போய், குடையைப் பிடித்துக்கொண்டு, இயந்திரம் ஓடி நிற்கிற வரை பக்கத்தில் நின்றேன் என்று எழுதியிருந்தார்.